அறுநூற்றைம்பது வாட் போதும், மேடம்

கடையில் அன்று பேசியதெல்லாம் என் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். பேசியவர்கள் கடைக்காரரும் என் தம்பியும். நடுவில் நான் நின்றிருந்தேன்.

நான் தனியாக இருப்பவள். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மாடி போர்ஷன், ஒரு ஸ்கூட்டர், என் வேலை. பெரிய சாமான் எது வாங்கப் போனாலும் அம்மா தம்பியைக் கூட அனுப்பிவிடுவாள். ஃபிரிஜ்ஜுக்கு வந்தான், ஸ்கூட்டருக்கு வந்தான். கம்ப்யூட்டர் என்றதும் அவனே கிளம்பிவிட்டான். அவன் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். எங்கள் குடும்பத்தில் யாருடைய போன் கெட்டாலும், யாருடைய பிரின்ட்டர் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வேலை ஆட்களைப் பார்த்துக்கொள்வதும் மீட்டிங்கில் உட்காருவதும். ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை.

நான் செய்வது இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குப் படம். ஆர்க்கிடெக்ட் வரைபடம் தருவார். அதை வைத்து அந்தக் கட்டடம் எழுந்து நின்றால் காலை வெயிலில் எப்படி இருக்கும், வாசல் தரையில் நிழல் எப்படி விழும், பால்கனியில் நின்றால் என்ன தெரியும் என்று கம்ப்யூட்டரில் உருவாக்கித் தருவேன். புதிய அபார்ட்மென்ட் வருகிறது என்று சாலையோரம் பெரிய பலகை வைக்கிறார்களே, அந்த மாதிரிப் படம். இருபது வருஷமாக இதுதான் என் சோறு. ஒரு படத்தை முடிக்கும்போது, ரெண்டரிங் என்பார்கள், கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில், கொஞ்சமும் ஓய்வில்லாமல். சும்மா மெயில் பார்க்கிற கம்ப்யூட்டருக்கும் என்னுடையதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதனால் பாகங்களை நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்று பார்த்துக் கூட்டியும் வைத்திருந்தேன். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிராசஸரின் அட்டைப்பெட்டியில் ஒரு அளவு போட்டிருப்பார்கள், முழு வேகத்தில் ஓடினால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். அப்படிப் பார்த்தால் இருநூற்று முப்பது வாட். கிராபிக்ஸ் கார்டுக்கு முந்நூற்று இருபது. மதர்போர்டு, மெமரி, டிஸ்க்குகள், ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து தொண்ணூறு என்று வைத்தால் மொத்தம் அறுநூற்று நாற்பது. கூட்டல் இங்கே முடிவதில்லை. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கிற நேரத்துக்குத் திடீரென்று இன்னும் நிறைய இழுக்கும். அதைத் தாங்க வேண்டும். எந்தச் சாமானையும் அதன் எல்லையிலேயே நாள் முழுக்க ஓட்டக்கூடாது என்பதும் இருக்கிறது. ஆகவே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். எண்ணூற்றைம்பது வாட்டில், நல்லதாக வேண்டும். இதைத்தான் கடையில் சொன்னேன்.

கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "சார், எட்நூத்தம்பது கைக்கு, எதுக்கு? சிக்ஸ் ஃபிஃப்டி தாராளம். நம்ம கஸ்டமர்ஸ் எல்லாருக்கும் அதான் போடுறேன்." அவருக்கு ஹைதராபாத் உருது கலந்து எங்கள் தமிழ் கொஞ்சம் வரும், செகந்திராபாத்தில் வியாபாரம் செய்பவர்கள் பலருக்கும் வரும்.

"இது ரெண்டரிங் மெஷின்," என்றேன். "நாலஞ்சு மணி நேரம் ஃபுல் லோடுல ஓடும்."

"ஹவ் மேடம், ஹவ்," என்று ஆமாம் போட்டார், தம்பியைப் பார்த்தபடியே.

தம்பி என்னிடம் திரும்பினான். "நீ எவ்வளவு கூட்டி வச்சிருக்க?"

"அறுநூத்தி நாப்பது. ஆனா..."

"அப்ப அறுநூத்தம்பது சரியாதானேக்கா இருக்கு! பத்து எக்ஸ்ட்ராவே வருது." சொல்லிவிட்டுக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார்.

நான் மறுபடி விளக்கினேன். மூன்றாவது தடவையும் விளக்கினேன். மூன்றாவது தடவை சொல்லும்போது ஒரு பெண்ணின் குரல் மற்றவர்கள் காதில் சண்டைக் குரலாகத்தான் விழும். அதற்குமேல் அவள் என்ன சொன்னாலும் அது கணக்கு இல்லை, பிடிவாதம். "அக்கா, அவங்க தெனம் இதே வேலையா இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதா? நீ ஓவரா யோசிக்கிற, நக்கோக்கா, வேணாம்," என்றான் தம்பி. நான் தேர்ந்தெடுத்த மாடல் ஸ்டாக்கில் இல்லை, வர நாளாகும் என்றார் கடைக்காரர். ஆர்க்கிடெக்ட் காத்திருந்தார், எனக்கு மெஷின் உடனே வேண்டும். நான் பையில் செக் புத்தகத்தைத் தேடும்போதே தம்பி "பில்லு போடுங்க" என்றான். பில் என் பெயரில். வாரன்ட்டிக்கு அவர் எழுதிக்கொண்டது தம்பியின் போன் நம்பர்.

முதல் பெரிய படத்தை ஓட விட்டதும் மெஷின் அணைந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை, திரையில் ஒரு வார்த்தை இல்லை. ஃபேன்கள் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன, அடுத்த நொடி அறையே அமைதி. மறுபடி போட்டேன். ஓடியது. படம் பாதியை நெருங்கும்போது மறுபடி அணைந்தது.

கடைக்குப் போன் செய்தேன். வீட்டு வயரிங்கில் கோளாறு இருக்கும் என்றார். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் உள்பட எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யு.பி.எஸ். பழசாக இருக்கும் என்றார். யு.பி.எஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினேன். அணைந்தது. அறை சூடாக இருக்கும் என்றார். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, நான் வியர்வையில் உட்கார்ந்தேன். அணைந்தது. கடைசியில், "மேடம், ஒரே டைம்ல என்னென்ன தொறந்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். குழாயை மூடாமல் விட்டுவிட்ட குழந்தையிடம் கேட்கிற தொனி.

"எஸ்.எம்.பி.எஸ். பத்தலை," என்றேன். ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அது புதுசு மேடம். அதுக்கு ஒண்ணும் ஆகாது. சார்கிட்ட பேசிட்டேன், சாஃப்ட்வேர் பிராப்ளம்னு சொன்னாரு."

சார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அல்வாலில் அவன் வீட்டில் இருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவன் மெஷின் முன்னால் உட்கார்ந்து காபி குடித்தபடி, விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றான். சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் என் வேலை எதுவும் கிடையாது, அவன் போட்டுப் பார்த்துவிட்டாவது வாயை மூடட்டும் என்று நினைத்தேன். "இன்னொரு டிஸ்க் இருக்கு. அதைத் தொடாதே. என் வேலையெல்லாம் அதுலதான்," என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அம்மாவுக்குக் கண்ணுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மெஷின் பளிச்சென்று புதிதாக இருந்தது. இரண்டு டிஸ்க்கும்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். வேலைக்கான ஃபைல்கள் போனால் போகட்டும், ஆர்க்கிடெக்ட்டிடம் திரும்ப வாங்கலாம். போனவை என் கற்கள். இந்த வேலையில் தரைக்கும் சுவருக்கும் மேற்பரப்பு வேண்டும்: கல், மரம், சுண்ணாம்பு, துருப்பிடித்த இரும்பு. எல்லோரும் இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஒட்டுவார்கள். அதனால்தான் எல்லோருடைய கட்டடமும் ஒரே ஊரில் இருப்பதுபோலத் தெரியும். நான் நானே எடுப்பேன். காலையில் வெயில் ஏறுமுன் கேமராவை எடுத்துக்கொண்டு போய், மெட்டுகுடாவில் நாங்கள் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் கருங்கல் சுவர், பழைய வீடுகளில் இடிப்பதற்கு முன் தாண்டூர் கல் தரை, கால்பட்டு வழவழத்த படிகள், மழை நீர் இறங்கிக் கறுத்த பாறைகள் என்று நேராக நின்று, நிழல் விழாமல், அங்குலம் அங்குலமாக எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் பாதி ஒரு பழைய டிஸ்க்கில் நகல் இருந்தது. மீதிக்கு இல்லை. அதில் பல வீடுகள் இப்போது நிற்கவும் இல்லை.

"பார்ட்டிஷன் எல்லாம் குழம்பியிருந்துச்சுக்கா. க்ளீனா பண்ணாதான் நல்லதுன்னு பண்ணிட்டேன். பேக்கப் வச்சிருப்பேல்ல?" என்றான்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. ஆனா பிராப்ளம் அதுல இருந்தா?"

அம்மா மருந்துப் பையைப் பிரித்துக்கொண்டே, "அவனும் லீவு நாள்ல வந்து உக்காந்து பண்ணியிருக்கான். கத்தாதேடி," என்றாள். நான் கத்தவே இல்லை. அன்று சாயங்காலம் அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருகிற மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். பெயரில்லாமல் சில வந்தன. திறந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

அந்தப் புதுப் பளிச் மெஷினில் படத்தை ஓட விட்டேன். பாதியை நெருங்கும்போது அணைந்தது.

ஆர்க்கிடெக்ட் நல்ல மனிதர்தான். "நோ இஷ்யூஸ்," என்றார். அந்தப் படத்தை வேறு ஒருவரிடம் கொடுத்தார். அதற்கு அடுத்ததையும் அவரிடமே கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் போன் செய்யவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கேபினெட்டின் அடியில் ஒரு தகட்டுக்குப் பின்னால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மறைத்து வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி வெளியில் எடுத்து அதன் முதுகில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். அறுநூற்றைம்பது என்பது பெரிய எழுத்தில், சிவப்பில். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பன்னிரண்டு வோல்ட் வழியில். அந்த வழியில் இந்தச் சாமான் தரக்கூடியது நாற்பது ஆம்பியர் என்று அதுவே ஒப்புக்கொண்டிருந்தது. பன்னிரண்டை நாற்பதால் பெருக்கினால் நானூற்று எண்பது. மீதி வாட்டெல்லாம் இந்தக் காலத்து மெஷின் அதிகம் தொடாத மற்ற வழிகளில். அட்டைப்பெட்டிக்காக எழுதின எண் அது. நான் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். பத்து எக்ஸ்ட்ரா வருகிறதாம்.

சுவரில் செருகி எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திரும்ப மாட்டி, மெஷினை அதன் வழியாக ஓட்டினேன். சும்மா இருக்கும்போது எண்பது சொச்சம். பிராசஸர் மட்டும் முழு வேகத்தில், முந்நூறு. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து முடுக்கினேன். ஐந்நூறு, ஐந்நூற்று நாற்பது, ஐந்நூற்று அறுபது. அமைதி. மறுபடி செய்தேன். அதே இடத்தில் அமைதி. சுவரிலிருந்து இழுப்பதில் கொஞ்சம் சூடாகவே போய்விடும், ஐந்நூற்று அறுபதில் மெஷினுக்குப் போய்ச் சேர்வது அந்த நானூற்று எண்பதுதான்.

மறுநாள் காலை கேபினெட்டை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா மேடம்?"

"சாருக்கு இதுல வேலை இல்லை. ஒரு மானிட்டர் குடுங்க."

கவுன்ட்டரில் மெஷினை வைத்து, மீட்டரைச் செருகி, அவருடைய மானிட்டரை மாட்டினேன். கடையில் வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் போனேன். "இந்த நம்பரைப் பாருங்க," என்றேன். படத்தை ஓட விட்டேன். எண் ஏறியது. ஐந்நூற்று அறுபது வந்தது. மெஷின் செத்தது. இது என் வீட்டு வயரிங் இல்லை. என் யு.பி.எஸ். இல்லை, என் அறையும் இல்லை. அவர் கடை, அவர் பிளக், அவர் ஏ.சி.

"இப்ப இதைப் படிங்க." பக்கக் கதவையும் தகட்டையும் முன்பே கழற்றி வைத்திருந்தேன். லேபிளில் நாற்பது ஆம்பியர் என்ற இடத்தில் விரலை வைத்தேன். "பன்னெண்டு நாப்பது எவ்வளவு?"

அவர் படித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து படித்துவிட்டு, தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அதைக் கடைக்காரர் கவனித்தார்.

"டென்ஷன் நக்கோ மேடம். ஒரு நிமிஷம்." போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ சார்... ஹவ் சார், மேடம் இங்க வந்திருக்காங்க... நீங்க என்ன சொல்றீங்க சார்? பெருசு போட்டுடவா?"

என்னை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு. என் மெஷினைக் கவுன்ட்டரில் வைத்துக்கொண்டு.

நான் கையை நீட்டிப் போனை வாங்கினேன். பிடுங்கினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் தம்பி, "போட்டுக் குடுத்துடுங்க பாஸ், இல்லேன்னா அக்கா விடமாட்டாங்க," என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்டா பேசறேன்."

சிரிப்பு நின்றது. "அக்கா? நான் அவருகிட்ட சொல்லிட்டேன்க்கா, மாத்தித் தருவாரு."

"நீ எதுவும் சொல்ல வேணாம். இனிமே என் மெஷினப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசாத." போனை அணைத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். கடைக்காரரிடம், "வாரன்ட்டியில அந்த நம்பரை அடிச்சுட்டு என் நம்பரை எழுதுங்க. முதல்ல அதைச் செய்யுங்க," என்றேன். என் குரல் அந்தக் கடை முழுக்கக் கேட்டது. கேட்கட்டும். மூன்று முறை மெதுவாகச் சொன்னபோது யார் கேட்டார்கள்?

அவர் எழுதினார். நான் முதலில் கேட்ட எண்ணூற்றைம்பது வாட் மாடலை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அது அவரிடம் இருந்தது. அன்றைக்கும் இருந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பெட்டியைப் பிரித்து லேபிளைப் படித்தேன்: பன்னிரண்டு வோல்ட்டில் எழுபது ஆம்பியர். அங்கேயே மாட்டச் சொன்னேன், மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், படத்தை ஓட விட்டேன். எண் அறுநூற்றைத் தாண்டிப் போனது, எழுநூற்றை நெருங்கி நின்றது. மெஷின் அணையவில்லை. அது ஓடி முடியும்வரை நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் அல்வாலில் தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் மாமனார் மாமியாரும் வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ என் வேலைக்கு வந்தது. "அக்காவோட மெஷின் ஒரே தகராறு. நான்தான் கடைக்காரர்ட்ட பேசி, பெரிய எஸ்.எம்.பி.எஸ். போட வச்சேன்," என்றான் தம்பி, சாம்பாரை ஊற்றிக்கொண்டே. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். அவன் அப்படித்தான் நடந்தது என்று நம்பியே விட்டான். அம்மா, "தம்பி ஒருத்தன் இருக்கறதால ஆச்சு," என்றாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நான் என்ன கேட்டேன், இவன் என்ன சொல்லிச் சிரித்தான், எதைத் தொடாதே என்றேன், எதை அழித்தான், கடையில் யார் நின்றது, யார் போனில் சிரித்தது. குரலை உயர்த்தவில்லை. மாமனார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்குடி?" என்றாள் அம்மா.

"இப்ப அதான் சரியாயிடுச்சேக்கா," என்றான் தம்பி. முகம் சிவந்திருந்தது. "நல்லதுக்குத்தானே பண்ணேன்."

"எனக்கு நல்லது எதுன்னு நான்தான் சொன்னேனே. அதை ஏன் கேக்கல?"

நிஜமாகவே யோசித்தான், பார்த்தேன். என்னைக் கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். கைகழுவிவிட்டு நான் கிளம்பினேன். தம்பி மனைவி மட்டும் வாசல்வரை வந்தாள். செருப்பைப் போடும்போது, "நீங்க சொன்னது சரிதான்," என்று மெல்லச் சொன்னாள். உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை.

இப்போது அவனும் நானும் பேசிக்கொள்கிறோம், அம்மாவின் கண் ஆஸ்பத்திரி, மழை, விலைவாசி என்று. மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. புது ஆர்க்கிடெக்ட் ஒருவர் கிடைத்திருக்கிறார். முதல் நாள் அவர் என்னிடம், "உங்க மெஷின் இந்த வேலையைத் தாங்குமா? வீட்டுல யாராவது டெக்னிகல் ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க," என்றேன். "அவங்ககிட்டதான் நீங்க பேசிட்டிருக்கீங்க."